காலியாகத் திரும்பிய மாத்திரை அட்டைகள்

கள ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து தைரியம் ஊட்டுகிற மாதிரி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேடையில் நின்றால் எனக்குப் பாதியிலேயே பேச்சு மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். தைரியம் ஊட்டுகிற விஷயம் என்னிடம் அதிகம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் வேலைக்குப் போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில், வரிசைக் குடியிருப்பில், பிறந்து, உயர்தரம் படித்து, தோட்டத்து டிஸ்பென்சரிகளில் நடக்கும் ஆய்வுகளுக்குக் கேள்வித்தாள் சுமந்து திரிந்து, கடைசியில் களப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள். ஆய்வை நடத்துவது டாக்டர்மார். அங்கே என்ன நடந்தது என்று பார்த்து வந்து சொல்வது நாங்கள். நாங்கள் சொல்லாததை அவர்களால் எழுத முடியாது. அவர்கள் எழுதாததைப் படிக்கிறவர் தெரிந்துகொள்ள முடியாது. எங்கள் தொழில் இவ்வளவுதான். இதில்தான் நான் தவறினேன்.

டயகமப் பக்கத்தில் மூன்று டிஸ்பென்சரிகளில், நான் தவறிய அந்த ஆய்வு ஒரு வருடம் நடந்தது. பிரஷர் உள்ள பெண்களை மாதாமாதம் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே பார்த்து மாத்திரை கொடுத்தால் பிரஷர் கட்டுப்படுமா என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பதற்காகவே எத்தனையோ பெண்கள் பிரஷரை உடம்பில் வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறினார்கள். எங்கள் பெரிய டாக்டர் கண்டியைச் சேர்ந்தவர், சிங்களப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் அநியாயமாகக் கோபிக்க மாட்டார். திட்டம் முழுக்க அவருடையது. களம் முழுக்க என்னுடைய பொறுப்பு.

கொடுத்தது உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றிப் பிரஷரைக் குறைக்கிற மாத்திரை. காலையில் ஒன்று. குடித்த பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டிவரும். ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று அறிய ஒரு வழி வைத்திருந்தோம். அடுத்த மாதம் வரும்போது காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது அட்டை. பெண்கள் ஒருவர் விடாமல் காலி அட்டையைக் கொண்டுவந்தார்கள். நான் மகிழ்ந்து போனேன். எங்கள் ஆட்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பிரஷர் இறங்கவில்லை.

இரண்டாம் மாதம் தெய்வானை என்ற பெண் டிஸ்பென்சரி வாசலில் கடைசியாக நின்றார். நாற்பது தாண்டிய கொழுந்துக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவர். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், ஒன்னு சொன்னா காட்டை வெட்டிற மாட்டீங்களே?"

காட் என்றால் கிளினிக் அட்டவணை எழுதிய அட்டை, அதை வெட்டினால் மாத்திரை கிடையாது. வெட்ட மாட்டேன் என்றேன்.

"இந்த மாத்திரைய குடிச்சிட்டு மலைக்குப் போக முடியல மிஸ். போயி தேயிலை நெறையில நின்ன ஒடனே முட்டிக்கிட்டு வருது. எங்க போறது? இடுப்பச் சுத்தி படங்குச் சாக்கு, முதுகுல கூடை. கீழ கங்காணி நிக்கிறாரு, மேல ரோட்டுல வேன் போகுது. அடக்கி அடக்கி அடிவயிறு கடுக்குது. அதான் வேலை நாள்ல குடிக்கிறதில்ல."

"அப்ப அந்தியில குடிக்கலாமே?"

"ராவுல எந்திரிச்சு யாரு போறது? கக்கூசு லயத்துக்குப் பின்னாடி. சிறுத்தை திரியுதுன்னு ஆம்பளைங்களே போறதில்ல."

"அட்டை காலியா வருதே தெய்வானை?"

அவர் சிரித்தார். "காலியா இருந்தாத்தானே அடுத்தது குடுக்கிறீங்க. பிச்சு கான்ல போட்டுர்றோம்."

கான் என்றால் தண்ணீர் ஓடும் வடிகால். போட்டுவிடுகிறோம் என்றார். போட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. எத்தனை பேர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான்.

பிள்ளைகளே, அந்தப் பயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கும் அது வரும், வரும்போது அதற்குப் பயம் என்ற பெயரே இருக்காது. எனக்கு அது, "படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையே" என்ற நினைப்பாக வந்தது. மாத்திரை எடுத்தாரா, ஆம் அல்லது இல்லை. அட்டை காலியா, ஆம் அல்லது இல்லை. காலிதான், ஆம் போட்டேன். பொய் இல்லையே! பிறகு, ஒரு பெண் சொன்னதை வைத்து டாக்டரை ஏன் குழப்ப வேண்டும் என்று வந்தது. பிறகு, இப்போது சொன்னால் முதல் மாதமே ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பார் என்று வந்தது. தெய்வானையின் காட்டை வெட்டிவிடுவார்கள், பாவம் என்றுகூட வந்தது. என் பயத்துக்கு அவருடைய சேலையைக் கட்டிவிட்டேன். கடைசியில் என் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி கிறுக்கி, கடமை முடிந்தது என்று மூடி வைத்தேன்.

பிரஷர் இறங்காவிட்டால் அளவைக் கூட்டுவது என்று திட்டத்தில் இருந்தது. அதன்படி எல்லோருக்கும் மாத்திரை இரட்டிப்பானது. அதற்குள் தை மாதம் வந்துவிட்டது. பனி விழுந்து கொழுந்து கருகி, பிறகு மழையே இல்லை. தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைப்பதே பெரிய விஷயம். பெண்கள் லயத்தில் இருந்தார்கள். பகலில் கக்கூசு நாலு எட்டு தூரம். வீட்டில் இருந்தபடியே மாத்திரையைக் குடித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் கடைசிப் பிரஷர் அளவு எடுத்தோம். பிரஷர் இறங்கியிருந்தது. டாக்டருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இரட்டை மாத்திரை கேட்டது என்று முடிவு கட்டினோம். உண்மையில் அந்தப் பெண்கள் மாத்திரை குடிக்க ஆரம்பித்ததே அப்போதுதான். ஒற்றை மாத்திரை குடித்திருந்தாலும் இறங்கியிருக்குமோ என்னவோ, எங்களுக்குத் தெரியாது. அதை நாங்கள் சோதிக்கவே இல்லை.

பெரிய கட்டுரை அச்சுக்குப் போக நாளாகும். டிஸ்பென்சரிகளுக்கு உடனே உதவட்டும் என்று தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதும் வேலை எனக்கு வந்தது. அழகாக எழுதினேன். தோட்டத்துப் பெண்களுக்கு வழக்கமான அளவு போதவில்லை, கூடிய அளவில் தொடங்கினால் விரைவில் கட்டுப்படும், மாத்திரைகள் ஒழுங்காக எடுக்கப்பட்டன என்று எழுதினேன். மலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்த மாதத்தில் அளவெடுத்தோம் என்று இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுதினால் மறைக்கலாம், நான் மறைத்திருக்கிறேன். டாக்டர் படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். சுருக்கம் வாட்ஸ்அப்பில் போனது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை. விடுமுறை எடுத்துக்கொண்டு வீட்டில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது.

"மிஸ், நான் தினேஷ். வலப்பனைப் பக்கத்துத் தோட்டம், டிஸ்பென்சரிக்குப் பொறுப்பா இருக்கேன். அந்தப் பிரஷர் சுருக்கத்துல களப் பொறுப்பாளர்னு உங்க பேரு இருந்திச்சு, கேட்டு நம்பர் எடுத்தேன்."

குரலில் மூச்சு வாங்கியது. பின்னால் ஆட்கள் சத்தம்.

"சொல்லுங்க தம்பி."

"நீங்க எழுதினபடியே கூடின அளவுல தொடங்கினோம் மிஸ். ஆஸ்பத்திரி டாக்டரும் பாத்து கையெழுத்து போட்டாரு. ஒரு கெழமையா ரெண்டு மூனு பேரு தலை சுத்துதுன்னாங்க, வெயில்னு நெனச்சேன். இன்னிக்கு காலையில பாக்கியம்னு ஒருத்தங்க மலையில மயங்கி, மேல நெறையோட தொங்கல்லேருந்து கீழ கான் வரைக்கும் உருண்டு விழுந்துட்டாங்க. மண்டையில அடி. பேச்சு மூச்சு இல்ல. லொறியில போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன்."

கத்தி என் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"வாசல்ல ஆளுங்க சேந்துட்டாங்க மிஸ். நீ என்ன மாத்திரைடா குடுத்தேன்னு கேக்குறாங்க. நீங்க எழுதினது சரிதானே மிஸ்? உங்க பொம்பளைங்க எல்லாம் இந்த அளவு குடிச்சிட்டு நல்லாத்தானே இருந்தாங்க?"

பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, உங்க மலையில கக்கூசு இருக்கா?"

"என்ன மிஸ்?"

"கொழுந்து மலையில. பொம்பளைங்க ஒதுங்க இடம் இருக்கா?"

"இருக்கு மிஸ். போன வருசம்தான் தகரம் அடிச்சு ரெண்டு கட்டிக் குடுத்தாங்க. ஏன் கேக்குறீங்க?"

அந்தத் தோட்டத்துப் பெண்கள் மாத்திரையைக் குடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும், முழுவதும், இரட்டையாக. வெறும் சாயத் தண்ணீர், பாலில்லாத தேநீர், குடித்துவிட்டு வெயிலில் மலையேறுகிற உடம்புகள் அவை. எங்கள் பெண்கள் வேலை நாளில் ஒரு நாளும் செய்யாததை, செய்தார்கள் என்று எழுதி, இவர்களைச் செய்ய வைத்திருக்கிறேன். கொஞ்சம் நல்லபடியாக நடத்துகிற தோட்டமாகப் பார்த்து என் பொய் போய் அடித்திருக்கிறது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அன்றைக்கு நான் வழியில்கூட இறங்கவில்லை, வீட்டுக் குசினியிலேயே பயந்து நின்றேன். முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? "டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் தம்பி" என்று போனை வைத்துவிடலாம் என்பது. நியாயமான பதில்தான். எனக்கு மருந்தைப் பற்றிப் பேச அதிகாரம் இல்லை. யாரும் குறை சொல்ல முடியாது. நான் டாக்டருக்கு எடுக்க, அவர் கூட்டத்தில் இருக்க, மத்தியானம் ஆகிவிடும். நாளைக் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகும் முன் இன்னும் எத்தனை பேர் அந்த மாத்திரையை வாயில் போடுவார்கள்?

"தம்பி, எழுதினது சரியில்ல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "நாங்க எழுதினது சரியில்ல. எங்க பொம்பளைங்க வேலை நாள்ல மாத்திரையே குடிக்கல. ஒதுங்க இடமில்லாம கான்ல போட்டுட்டாங்க. அது எனக்குத் தெரியும். நான் எழுதல."

அந்தப் பக்கம் ஆட்களை அவன் அதட்டி அமர்த்துவது கேட்டது.

"தெரியுமா மிஸ்?"

"தெரியும். இப்ப அத விடுங்க, பிறகு என்னைத் திட்டுங்க. மாத்திரைய கூட்டுறது, கொறைக்கிறது, நிப்பாட்டுறதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும். இப்பவே ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. என் பேரையும் சொல்லுங்க. அந்த மாத்திரை எடுக்கிறவங்க எல்லாரையும் மலையிலேருந்து எறக்கி டிஸ்பென்சரிக்குக் கூப்பிடுங்க. ஒருத்தர் விடாம பிரஷர் பாருங்க, படுத்தும் பாருங்க, நிக்க வச்சும் பாருங்க."

"வேலையப் பாத்துக்கிற கண்டாக்கு விடுவாரா மிஸ்?"

"விடலன்னா தோட்டத் துரைகிட்ட போங்க. அவரும் விடலன்னா வாசல்ல நிக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, அவங்க எறக்குவாங்க."

அவன் அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு வைத்தான். கெட்டிக்காரப் பையன். பிறகு தெரிந்தது, துரையிடம் போகவே இல்லை, நேரே வாசலில் நின்றவர்களிடம்தான் போயிருக்கிறான்.

எங்கள் பெரிய டாக்டருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். மூன்றாம் முறை எடுக்கும்போது, அவர் எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் மனம் நினைத்தது. எடுத்தார். அவர் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

நடந்ததைச் சொன்னேன். தெய்வானை சொன்னதையும் சொன்னேன். அவர் இடைமறிக்கவில்லை.

"எப்போது தெரியும்?"

"இரண்டாம் மாதம்."

"எத்தனை பேர்?"

"தெரியாது. நான் கேட்கவில்லை."

திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வலப்பனை டாக்டரிடம் நான் பேசுகிறேன். அந்தச் சுருக்கம் வேறு யார் யாருக்குப் போனது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. யார் யாருக்குப் போனது என்று எங்களிடம் ஒரு பட்டியலும் இல்லை. நான் ஒரு குழுவில் போட்டேன், அவர்கள் வேறு குழுவில் போட்டார்கள், அங்கிருந்து எங்கே போனதோ! எந்த மலையில், எந்தப் பெண், அன்று காலையில் என் எழுத்தை நம்பி எதை விழுங்கினாள் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

அன்று பகல் முழுக்க நானும் டாக்டரும் ஆளுக்கொரு பக்கமாக டிஸ்பென்சரிகளுக்குப் போன் போட்டோம். சிலர் அப்படி ஒரு தாளைப் பார்க்கவே இல்லை என்றார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஒருவர், "நான் எல்லாத்தையும் சேவ் பண்ணி வைப்பேன், எதையும் படிக்க மாட்டேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். ஒருவர் மட்டும், "திங்கக்கெழமைலேருந்து குடுக்கலாம்னு இருந்தோம், டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையெல்லாம் எண்ணி வச்சாச்சு" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இடையில் தினேஷ் அழைத்தான். பெண்களை மலையிலிருந்து இறக்கியாகிவிட்டது. நிற்க வைத்துப் பார்த்தபோது நாலைந்து பேருக்குப் பிரஷர் பயப்படுகிற அளவுக்குக் கீழே போனது. ஆஸ்பத்திரி டாக்டரே டிஸ்பென்சரிக்கு வந்துவிட்டார். பாக்கியம் இன்னும் கண் திறக்கவில்லை என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அந்தச் செய்திதான் என்று நினைத்தேன். நறுக்கிய போஞ்சி அப்படியே கிடந்து வாடியது. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு, கண் திறந்தால் போதும், கண் திறந்தால் போதும் என்று யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மணி போலத் தினேஷ் மறுபடி எடுத்து, "முழிச்சிட்டாங்க மிஸ், தண்ணி கேட்டாங்க" என்றான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஹட்டனில் எங்கள் சின்ன அலுவலகத்தில் டாக்டரும் நானும் திருத்தம் எழுத உட்கார்ந்தோம். நான் முதலில் எழுதிக் காட்டியது இது: "சில பெண்கள் மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது."

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எப்போது தெரியவந்தது?"

"இரண்டாம் மாதம், டாக்டர்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அதை எழுது. ஏன் எடுக்கவில்லை என்பதையும் எழுது. ஒழுங்காக எடுக்கவில்லை என்றால் படிக்கிறவர் அந்தப் பெண்களைத்தான் குற்றம் சொல்வார். அட்டை காலியா என்று மட்டும் கேட்கிற படிவத்தைச் செய்தவள் நான். அதை நான் எழுதுகிறேன்."

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னார். அதை மட்டும் நீங்கள் மனதில் எழுதிக்கொண்டால் போதும். "நாம் எழுதும்போது, படிக்கப்போகிறவர் கையில் ஏற்கெனவே மாத்திரையை எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும்."

அன்றிலிருந்து நான் அப்படித்தான் எழுதினேன். யார் மாத்திரை கொடுத்தது, எங்கே வைத்துக் கொடுத்தது, அந்த மாதம் மலையில் வேலை இருந்ததா, பெண்கள் எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போனார்கள், திட்டம் போட்டபடி நடக்காதது எது, அது தெரிந்த நாள் எது. பக்கம் கூடினால் கூடட்டும். "இதெல்லாம் எதற்கு, ஆய்வு என்றால் எண்கள் அல்லவா" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். எண் சரியாகத்தான் இருந்தது கண்ணு. எங்கள் கடைசி அளவுகளில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றும் பயம். தப்பான எண்ணை யாராவது கண்டுபிடிப்பார்கள். சொல்லாமல் விட்டதை யார் கண்டுபிடிப்பது?

திருத்தம் அனுப்பினோம். ஆனால் திருத்தத்தை யாரும் அவ்வளவு ஆர்வமாக அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஒருமுறை வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பெண், என் பழைய பக்கத்தை எனக்கே அனுப்பி, "அக்கா, இது இன்னும் சரிதானே?" என்று கேட்டார். அவர் கேட்டார். கேட்காதவர்களை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

திருத்தம் அனுப்புவதற்கு முன் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போகாமல் இருக்க ஆயிரம் காரணம் தோன்றியது. மூன்று பஸ் மாறி வலப்பனைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் தினேஷ் நின்றான். போனில் கேட்டதைவிடச் சின்னப் பையனாக இருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "இடுப்பு எலும்பு வெடிச்சிருக்கு மிஸ். இனி மலைக்குப் போக முடியாதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டைக் காட்டினான்.

பாக்கியம் ஒல்லியான உடம்பு. தலையில் கட்டு. என் கையிலிருந்த பைலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தோட்டத்தில் பைல் வைத்திருக்கிறவர் யார் வந்தாலும் ஏதோ குற்றம் பிடிக்கத்தான் வருவார்.

"மாத்திரை விசயமா வந்தீங்களா மிஸ்?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டிலிருந்து வரவழைத்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்த ஒரு பொலித்தீன் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். உள்ளே காலி அட்டைகள். "பாத்துக்கங்க. ஒரு நாளும் விடல. காலையில ரெண்டு, சொன்னபடிதான் குடிச்சேன். நான் குடிக்காமத்தான் விழுந்தேன்னு யாரும் சொன்னா நம்பாதீங்க மிஸ். அந்தத் தம்பிகிட்டயும் சொல்லுங்க."

அந்த அட்டைகள் உண்மையாகவே காலி. நான் ஒரு வருடமாக எண்ணிய எந்த அட்டையைப் பற்றியும் அப்படி என்னால் சொல்ல முடியாது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, அந்தத் தம்பியுடையதும் இல்லை, என்னுடையது என்று சொன்னேன். எங்கள் பெண்கள் மாத்திரையைக் கானில் போட்டதையும் ஏன் போட்டார்கள் என்பதையும் சொன்னேன். அது தெரிந்தும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை.

"எங்க மலையிலயும் முந்தி அப்படித்தான் மிஸ்," என்றார். "கட்டிக் குடுத்ததுக்கு அப்புறந்தான் நான் காலையில வயிறார சாயத்தண்ணியே குடிக்க ஆரம்பிச்சேன். அவங்களுக்கு இப்ப கட்டிக் குடுத்தாச்சா?"

"இல்லீங்க."

"கட்டச் சொல்லி எழுதுனீங்களா?"

"இல்லீங்க. அதையும் எழுதல."

அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"அப்ப ஒரு வருசமா அங்க போயி என்னத்த மிஸ் எழுதுனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.